இளநீர் வண்டிக்குப் பின்னால் ஓர் அப்பா

இரண்டு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலையில், கஸ்தூரிபா நகரில் ஓர் இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நான் மட்டுமில்லை. பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு மனிதர், தன்னால் முடிந்த அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இளநீர்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் யார் எதற்கு ஒளிகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா?

நாங்கள் பயந்து ஒளிந்தது ஒரு பெண்ணுக்கு. வயது இரண்டரை. பெயர் ஸோயா.

அந்த ஆறடி மனிதர் இம்ரான்... ஸோயாவின் அப்பா. ராயப்பேட்டையில் பெல்ட், பர்ஸ், கைப்பை விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு நேர் மேல் வீடு. அவர் மனைவி ரிஸ்வானா அவ்வப்போது பெல் அடித்து, கொஞ்ச நேரம் ஸோயாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பாள். நானும் பார்த்துக்கொள்வேன். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவள் என்றால் சும்மா இருக்கிறவள் என்றுதான் எங்கள் அபார்ட்மென்ட்டில் அர்த்தம்.

ரிஸ்வானா தரமணியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தவள். ஸோயா பிறந்ததும் வேலையை விட்டாள். போன மாதம் பழைய மேனேஜரே திரும்பக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் ஒளிந்த அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார். பிறந்த வீட்டில் எல்லாரும் 'இப்ப எதுக்கு வேலை?' என்றார்கள். இம்ரான் ஒருவர்தான் 'நீ போ, நான் பாத்துக்கறேன்' என்றவர்.

ஆக, எல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் வந்து நின்றது. ஸோயா ப்ளே ஸ்கூலில் இருப்பாளா, மாட்டாளா?

அடையாறில் ப்ளே ஸ்கூலுக்கா பஞ்சம்! ஒரு தெருவில் இத்தாலி முறை. அடுத்த தெருவில் ஃபின்லாந்து முறை. திருப்பத்தில் ஜப்பான் முறை, ஏசி வகுப்பறை, சிசிடிவி. எந்த நாட்டு முறையாக இருந்தாலும் கேட்டில் மட்டும் அதே கரடி, அதே வானவில்.

ரிஸ்வானா டெஸ்டர் ஆயிற்றே... போர்டைப் பார்த்து நம்பிவிடுவாளா? ஒவ்வொரு இடத்துக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். முதல் நாள் குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்? எல்லா நாட்டு முறைகளும் ஒரே பதிலைச் சொல்லின. விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள், ரெண்டு நாள் அழும், அப்புறம் பழகிவிடும்.

ஒரே ஓர் இடத்தில்தான் பதில் வேறு. போர்டில் எந்த நாட்டின் பெயரும் இல்லாத, முன்பக்கம் நாவல் மரம் நிற்கிற ஒரு பழைய தனி வீடு. நடத்துகிறவர் மாலதி மிஸ். அவர் சொன்னது: "நீங்க போகவே வேணாம். உள்ள வந்து உக்காருங்க."

அங்கே முறை இதுதான். குழந்தைக்குப் பழக்கமான ஒருவர் வராந்தா ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். விளையாட்டுக் காட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. போன் பார்க்கக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். குழந்தை தானாக இறங்கிப் போகும். மணலைத் தொடும். திடீரென்று சந்தேகம் வந்து ஓடிவந்து அம்மாவின் முட்டியைத் தொட்டுப் பார்க்கும். திரும்பப் போகும். இப்படிச் சில நாள். பிறகு, குழந்தையின் முகத்தைப் பார்த்து 'வெளியே போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சொன்னபடி திரும்ப வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிக நேரம்.

மாலதி மிஸ் கணவரோடு ஜெர்மனியில் இருந்தபோது அங்கே ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்டதாம் இது. இதற்காக அம்மாவோ அப்பாவோ ஆபீசில் லீவு எடுப்பது அங்கே சாதாரணமாம். நம் ஊரில் 'குழந்தை ஸ்கூல்ல பழகுது, லீவு வேணும் சார்' என்று ஒரு ஆண்பிள்ளை போய்க் கேட்டால் என்ன நடக்கும்? மேனேஜர் அழுதுவிடுவார்.

இருந்தும் நான் பார்த்த வரையில் கஷ்டம் லீவில் இல்லை. அந்தச் 'சும்மா இருப்பதில்'தான். நம் அம்மாக்களால் நாற்காலியில் சும்மா உட்கார முடியுமா? 'ப்ளூ கலர் எடு கண்ணா... அது இல்ல, பக்கத்துல... ஆன்ட்டிக்கு ரைம் சொல்லு' என்று வராந்தாவிலிருந்தே கமென்ட்ரி ஓடும். மாலதி மிஸ் ஒன்றும் சொல்லாமல் தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைப்பார். குழந்தைகளைப் பார்த்து இல்லை, அம்மாக்களைப் பார்த்து.

அந்தக் கூட்டத்தில் ஒரு ஜெர்மன்காரியும் இருந்தாள். பெயர் ஹன்னா. தரமணியில் ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை, சென்னைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. மகன் யோனாஸ், ஸோயா வயது. ஹன்னா மண்டியிடுவாள், மகனின் கண்ணைப் பார்த்து ஏதோ நாலு வார்த்தை சொல்வாள், ஒரு முத்தம், எழுந்து நேராக நடந்துவிடுவாள். யோனாஸ் தெருவே அதிர அழுவான். அவள் நடை மாறாது.

'கல் நெஞ்சுக்காரி' என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்களும், ரிஸ்வானாவுக்குத் துணையாகப் போயிருந்த நானும் ஏகமனதாகத் தீர்ப்பு எழுதினோம். கொஞ்ச நேரத்தில் யோனாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொம்மை மண்வெட்டியைத் தேடிப் போனதை யாரும் தீர்ப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ரிஸ்வானா முறைப்படி உட்கார்ந்தாள். ஸோயா நன்றாகவே பழகிவந்தாள். அந்த வியாழக்கிழமை ரிஸ்வானாவை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அதனால் இம்ரான் வந்தார். சில நாள் மதியம் நான் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும், என்னை அங்கே பார்த்தும் குழந்தை பழகட்டும் என்று மாலதி மிஸ் சொல்லியிருந்ததால் அன்றும் நான் கூடப் போனேன்.

"பாப்பாகிட்ட சொல்லிட்டு, கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு மாலதி மிஸ் உள்ளே போனார்.

முற்றத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. ஸோயா கை முழங்கை வரை நனைய, ஒரு டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். உலகமே மறந்துபோன முகம். இம்ரான் எழுந்தார். அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

சொன்னால் அழுவாள். இப்போதோ ஆனந்தமாக இருக்கிறாள். எதற்கு வம்பு?

நான் கண்ணாலேயே கேட்டைக் காட்டினேன். நம் ஊரில் குழந்தை வளர்த்த யாருக்கும் இந்தச் சாடை புரியும். இம்ரான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். கேட்டின் கொக்கியைச் சத்தம் வராமல் தூக்கினேன். வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, இளநீர் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து அழுகைச் சத்தமே இல்லை. வெற்றி!

அப்படித்தான் நினைத்தேன், இளநீர்க் குலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் வரை.

ஸோயா தொட்டியை விட்டு வந்திருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அதன் கீழே குனிந்து பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். வராந்தாவில் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுக்கு வந்து, செருப்புகள் வரிசையாக இருக்கும் இடத்தில் நின்றாள். அப்பாவின் செருப்பு அங்கே இல்லை என்பது அவளுக்குப் புரிந்ததை நான் பார்த்தேன்.

அவள் அழவில்லை. கிரில் கேட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றாள். கையிலிருந்த டம்ளரிலிருந்து தண்ணீர் அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் திரும்பினால் இம்ரான் அங்கே இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர் சட்டை நுனியை மட்டும் பிடித்தாள். விடவே இல்லை. மணல் வேண்டாம், தொட்டி வேண்டாம், பொம்மை வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகும் அதே கதை. இம்ரான் குளிக்கப் போனால் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். ரிஸ்வானா சமையலறைக்குப் போனால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனாள். மறுநாள் ஸ்கூல் இருக்கும் தெரு வந்ததுமே ஆட்டோவுக்குள் கதறல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிஸ்வானா கீழே என் வீட்டுக்கு வந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள்.

"வேணாம்னு மேனேஜருக்குச் சொல்லிடப் போறேன் ஆன்ட்டி" என்றாள். "ஏதோ ஒரு வேலை கிடைச்சா போதும்னு போற ஆள் இல்ல நான். இந்த வேலை எனக்கு அவ்ளோ புடிக்கும். ஆனா அவ இப்டி இருக்கும்போது எப்டிப் போவேன்?"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கண்சாடை காட்டிய மகராசி நான்தானே!

சனிக்கிழமை இம்ரானும் நானும் மாலதி மிஸ்ஸைப் பார்க்கப் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"யோனாஸ் அழுதான், எனக்குக் கவலையில்ல" என்றார். "அவனுக்கு அம்மா போனதும் தெரியும், வருவாங்கன்னும் தெரியும். பாப்பா அழலையே சார், அதான் எனக்குக் கவலை. இனிமே யார் எப்ப காணாமப் போவாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பா. பாத்துக்கிட்டே இருக்கற குழந்தை எப்டி விளையாடும்?"

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் இம்ரான் வாயைத் திறந்தார்.

"டீ குடிக்கப் போனாக்கூட பக்கத்து கடைக்காரர்கிட்ட சொல்லிக்கினு போறேன் ஆன்ட்டி. என் பொண்ணுகிட்ட மட்டும் திருடன் மாதிரி செருப்ப கைல எடுத்துக்கினு வந்துட்டேன்."

அன்று முழுக்க இந்த வார்த்தைதான் என் தலைக்குள் ஓடியது. யோசித்துப் பாருங்கள். 'போறேன்' என்று யாராவது சொன்னால் விடுவோமா? 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்துவோம். கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். சொல்லாமல் போனார் என்பதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகளை எனக்குத் தெரியும். மயிலாப்பூர் கோயிலில் தரிசனம் முடிந்தால்கூட விருட்டென்று வந்துவிட மாட்டோம். சற்று உட்கார்ந்து, சாமியிடம் விடைபெற்றுத்தான் கிளம்புவோம். இம்ரான் வீட்டு உருதுவிலும் இதேதானாம். 'ஜாகே ஆத்தூன்' என்றுதான் சொல்வார்களாம், அப்படியே நம் போயிட்டு வரேன். வடக்கிலிருந்து வரும் உறவுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்களாம்.

ஊர், உறவு, தெய்வம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புகிற நாம், குழந்தையிடம் மட்டும் 'அங்க பாரு காக்கா' என்று காட்டிவிட்டு ஏன் காணாமல் போகிறோம்? குழந்தை அழக் கூடாது என்பதற்காக என்போம். பொய். அது அழுவதை நாம் பார்க்கக் கூடாது என்பதற்காக.

ஹன்னாவை நினைத்துக்கொண்டேன். அந்த அழுகையை முதுகில் வாங்கிக்கொண்டு தினமும் நடக்கிறாளே... அது கல் நெஞ்சா?

ஞாயிற்றுக்கிழமை இம்ரான் ரிஸ்வானாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேனேஜருக்கு இன்று போன் பண்ணாதே, நாளை ஒரு நாள் எனக்குக் கொடு.

திங்கட்கிழமை. ரிஸ்வானா வாசலில் மண்டியிட்டு மகளிடம் சொல்லிவிட்டு, இந்திரா நகர் ஸ்டேஷனுக்குப் பறக்கும் ரயில் பிடிக்கப் போனாள். ஸோயாவின் கதறல் மூன்று மாடிக்கும் கேட்டது. படியிறங்கும்போது ரிஸ்வானாவும் அழுதுகொண்டுதான் போனாள். ஆனால் சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கூல் வாசலில் இம்ரான் குனிந்தார். ஆறடி மனிதர் இரண்டரை வயதின் உயரத்துக்கு வருவது லேசில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பா கடைக்குப் போறேன். நீ தயிர் சாதம் சாப்ட்டு முடிக்கறப்ப வந்துருவேன். ஜாகே ஆத்தூன்." ஸோயா அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் அந்த விரல்களை இழுக்கவில்லை. அவளாக விடும்வரை உட்கார்ந்திருந்தார். ஆயா சரசு அக்கா வந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

இம்ரான் ரோட்டைக் கடந்தார். ஒளியவில்லை. இளநீர் வண்டிக்கு முன்னால், ஸோயாவுக்குத் தெரிகிற மாதிரி நின்று, கை ஆட்டினார். அழுகை உச்சத்துக்குப் போனது. அவர் கையைக் கீழே இறக்கவில்லை.

"இன்னா சார்," என்றார் இளநீர்க்காரர், "இன்னிக்கி ஒளியல?"

நான் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸோயா விட்டு விட்டு அழுதாள். சரசு அக்கா அவளை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அப்படியே பெருக்கினார், அப்படியே பாயைப் போட்டார். நடுவில் என்னிடம் வந்து நின்றார். ஆற்றோரத்தில் இருந்த அவர் வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கம் அனுப்பி வருடங்கள் ஆகிறது. தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருகிறார்.

"ஆத்தோரமா இருக்க சொல்ல எங்க புள்ளைங்க இப்டி அழுவாதும்மா" என்றார். "அம்மா வேலைக்குப் போனா இன்னா, யார் மடியாவது கீதே. இப்ப மாடி வூடு குடுத்துட்டாங்க, அல்லாரும் கதவ சாத்திக்கினு கீறோம். இப்ப எங்க புள்ளைங்களும் அழுவுது."

குழந்தை தானாகச் சாப்பிட வேண்டும் என்பது மாலதி மிஸ்ஸின் இன்னொரு விதி. ஸ்பூன், தட்டு எல்லாம் குட்டி சைஸில் உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சரசு அக்கா பெரிய கிண்ணத்தில் தயிர் சாதத்தைப் பிசைந்து உருட்ட ஆரம்பித்தால், சுற்றிலும் வாய்கள் தானாகத் திறக்கின்றன. முதலில் திறக்கிற வாய் யோனாஸுடையது. அந்த நேரத்தில் மாலதி மிஸ்ஸுக்கு மட்டும் உள் அறையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராயப்பேட்டையிலிருந்து மதிய டிராஃபிக்கில் வர வேண்டும். அடையாறு பாலத்தில் மாட்டிக்கொண்டால்? உள்ளே கிண்ணம் காலியாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் தாமதமானால் உலகம் இடிந்துவிடாதுதான். ஆனால் அன்று இடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. கைப்பை வாங்க வந்தவரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினாராம்.

ஸோயா அப்பாவைப் பார்த்தாள். ஓடி வருவாளா? சட்டையைப் பிடிப்பாளா?

கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினாள். இரு, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு சரசு அக்கா பக்கம் திரும்பி, அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தாள்.

ஹெல்மெட்டுக்குள் அழுகிற மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ரிஸ்வானா இப்போது வேலைக்குப் போகிறாள். காலையில் ஸோயா இன்னும் கொஞ்சம் அழுகிறாள். அழட்டுமே... சொல்லிவிட்டுப் போனால் அழுவதற்கும் ஓர் உரிமை இருக்கிறது. கடையில் மதியம் 'இப்போது வந்துவிடுவேன்' என்று அட்டை தொங்குகிறதாம். ஒரு வியாபாரி, மகளுக்குக் கொடுத்த வாக்குக்காக வாடிக்கையாளரை வெளியே நிறுத்துகிறார் என்றால், அவரை நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

போன செவ்வாய் திடீர் மழை. ஹன்னா தரமணியில் மாட்டிக்கொண்டாள். யோனாஸை நாங்கள் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நனைந்துபோய் வந்தவள் நன்றி சொல்லிவிட்டு, நான் ஸோயாவுக்கு என்ன உறவு என்று கேட்டாள். கீழ் வீடு என்றேன். அது புரிகிறது, உறவு என்ன என்றாள் மறுபடியும். அதற்கு எனக்கு ஆங்கிலத்தில் பதில் தெரியவில்லை. அவள் யோனாஸுக்கும் அப்படி ஒரு கீழ் வீடு கிடைக்குமா என்று கேட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று சொன்ன பெஞ்ச் மொத்தமும் இப்போது முறை வைத்து அவனைப் பார்த்துக்கொள்கிறது.

நேற்று சாயங்காலம் ஸோயா என் வீட்டு ஹாலில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால். பொங்குகிற வாசனை வந்தது. குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள், கலைக்க வேண்டாம் என்று பூனை மாதிரி எழுந்து நாலு எட்டு வைத்திருப்பேன்.

"ஆன்ட்டி," என்று பின்னாலிருந்து குரல். தலை நிமிரவில்லை, அடுக்குவதும் நிற்கவில்லை. "சொல்ட்டுப் போ."

திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனேன். பால் முழுக்கப் பொங்கி அடுப்பின் மேல்தான் வழிந்திருந்தது.